அது அரசியல் இல்லீங்க

கென்டக்கி டெர்பின்னா அமெரிக்காவுல நம்ம லூயிவில்ல வருஷா வருஷம் நடக்கிற பெரிய குதிரைப் பந்தயம். அதுக்கான பார்ட்டி அன்னிக்கு நம்ம ஊர் க்ரூப்ல நடந்தது பல பேருக்குத் தெரியும், மறுபடி முழுசா எழுதப் போறதில்ல. முதல் டெர்பியை ஜெயிச்ச கறுப்பின ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டறவர்) ஆலிவர் லூயிஸ் பத்தி நான் போட்ட நாலு வரியை "சந்தோஷமான நாள்ல எதுக்குங்க அரசியல்"னு அட்மின் தூக்கிட்டாங்க. பார்ட்டிக்குப் போட்டுக்கிட்ட தொப்பி போட்டோ எல்லாம் பத்திரமா இருக்கு.

அது அரசியல் இல்லீங்க, கென்டக்கி டெர்பியோட வரலாறே அதுதான். 1875ல லூயிவில்ல முதல் டெர்பி ஓடினப்போ 15 குதிரை, அதுல 13 குதிரையை ஓட்டினது கறுப்பின ஜாக்கிங்க. ஜெயிச்ச குதிரை அரிஸ்டைடீஸ், ஓட்டினவர் லூயிஸ், பழக்கினவர் ஆன்செல் வில்லியம்சன், அடிமையாப் பொறந்த மனுஷன். முதல் 28 டெர்பில 15 தடவை ஜெயிச்சது கறுப்பின ஜாக்கிங்கதான். ஐசக் மர்ஃபி மட்டும் 1884, 1890, 1891ன்னு மூணு தடவை. அப்புறம் என்ன ஆச்சு? வெள்ளைக்கார ஜாக்கிங்க சேர்ந்துக்கிட்டு ஓட்டத்துலயே இவங்களை வேலியோரமா நெருக்கினாங்க, சாட்டையால அடிச்சாங்க, குதிரை முதலாளிங்களும் இவங்களுக்குக் குதிரை குடுக்கறதை நிறுத்திட்டாங்க. 1921க்கு அப்புறம் 2000 வரைக்கும் டெர்பில ஒரு கறுப்பின ஜாக்கி கூட ஓட்டல. இதைச் சொன்னா அரசியலா?

என் பழைய ஆபீஸ்ல செக்யூரிட்டியா ஒரு கறுப்பினப் பெரியவர் இருந்தார். அவர் தாத்தா லாயத்துல வேலை பார்த்தவர். தாத்தா கடிவாளத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற ஒரு பழைய படத்தை போன்ல வச்சிருந்தார், ஒரு நாள் பெருசாக்கிக் காட்டினார். படத்துக்குக் கீழ குதிரை பேர் இருக்கு, முதலாளி பேர் இருக்கு, தாத்தா பேர் இல்ல. "பாத்தியா"ன்னு மட்டும் கேட்டார். அன்னிலேர்ந்துதான் நான் இந்தப் பேரையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

"இப்ப லத்தீன் அமெரிக்க ஜாக்கிங்கதானே நிறைய, இன்னும் என்ன இனவெறி"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். அண்ணே, அவங்க திறமையால வந்தாங்க, நல்லது, ஆனா அதனால கறுப்பின ஜாக்கிங்களைத் துரத்தினது இல்லைன்னு ஆயிடுமா? 2023ல டெர்பி நடக்கிற சர்ச்சில் டௌன்ஸ் மைதானத்துல ஒரே சீசன்ல 12 குதிரை செத்துச்சே, அதைப் பேசலையேன்னு கேட்டா அது நியாயமான கேள்வி, பேசணும், தனியா எழுதறேன். ஆனா "நமக்கெதுக்கு இது"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. இந்த ஊர்ல வீடு வாங்கியிருக்கோம், பிள்ளைங்க இங்கதான் படிக்குது, ஊரோட பண்டிகை மட்டும் வேணும், ஊரோட வலி வேண்டாமா?

கறுப்பின ஜாக்கி ஜிம்மி விங்க்ஃபீல்டு 1901, 1902ன்னு அடுத்தடுத்து ரெண்டு டெர்பி ஜெயிச்சவர், அப்புறம் இங்க வழியில்லாம ரஷ்யா போய் ஓட்டினவர். 1961ல இதே லூயிவில்ல ப்ரவுன் ஹோட்டல் விருந்துக்கு அழைப்போட மகளைக் கூட்டிக்கிட்டு வந்தார், முன்வாசல்லயே நிறுத்திட்டாங்க. அந்தத் தெருவுலதான் நாமெல்லாம் பார்க்கிங் தேடிச் சுத்துறோம்.

நான் க்ரூப்பை விட்டுப் போகல. என் பதிவை அட்மின் திரும்பப் போடலைன்னா நானே போடுவேன், அடுத்த வருஷ டெர்பிக்கும் போடுவேன்.