மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?
சிமெண்ட் கூடுதலாகப் போட்டால் கான்கிரீட்டில் நீர் கசியாது என்று ஒரு கட்டுரையில் படித்ததை அப்படியே ஏற்க முடியவில்லை. கலவை இளகலாக வரட்டும் என்று தண்ணீரையும் சேர்த்துக் கூட்டினால் என்ன பயன்? சிமெண்டோடு வினைபுரியாமல் மிஞ்சும் தண்ணீர் இருந்த இடம்தான் பிறகு நுண்துளை ஆகிறது. அந்தத் துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால் நீர் உள்ளே ஓடும். சிமெண்டும் நீரும் வினைபுரிந்து உருவாகும் கூழ்மம் (பசை போன்ற பொருள்) நடுவில் அடைத்துவிட்டால் வழி துண்டாகிவிடும். 1959இல் சிமெண்ட் ஆய்வாளர் பவர்ஸின் குழுவினர் கண்டது இது: நீர்-சிமெண்ட் விகிதம் (தண்ணீரின் எடையை சிமெண்டின் எடையால் வகுத்தது) 0.45 என்றால் சுமார் 7 நாள் ஈரத்தில் வைத்தாலே இந்தத் தொடர்பு அறுந்துவிடும், 0.60க்கு 6 மாதம் வேண்டும், 0.70ஐத் தாண்டினால் எத்தனை நாள் நனைத்தாலும் அறுபடாது. 0.45க்கும் 0.70க்கும் உள்ள இடைவெளி, 50 கிலோ மூட்டைக்கு சுமார் 22 லிட்டர் ஊற்றுவதற்கும் 35 லிட்டர் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் வீட்டு மொட்டைமாடித் தளம் போட்டபோது மேஸ்திரி குழாயைக் கலவைக்குள் விட்டதை நின்று பார்த்தேன், தடுக்கத் தெரியவில்லை. அப்புறம் மூன்றாவது மழைக்காலத்திலேயே உள்கூரையில் ஈரத்திட்டு, கம்பியில் துரு. மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு போதுமா என்று கேட்ட நண்பருக்கு: பூச்சு மேற்பரப்பில்தான் நிற்கும், ஜல்லியைச் சுற்றி இருக்கும் துளை நிறைந்த மெல்லிய படலத்தை அது சரிசெய்யாது, தளம் போடும் அன்று தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள், மறுநாளே பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள்.