அந்த லேபிளில் ஏன் ஒரே பெயர்?

நேற்று சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். கவின்கலை படிக்கும் பிள்ளைகள் பதினொரு பேர் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஓவியம், சிற்பம், வடிவமைப்பு என்று மூன்று துறையிலிருந்தும் ஆள் உண்டு. பூட்டிக் கிடந்த ஒரு நெல் கிடங்கை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கி, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசித் தயார் செய்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் இன்னும் நெல் வாசனை வருகிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் என்னிடம் ஓவியம் படித்த பையன் ஒருவன் அதில் இருக்கிறான். இப்போது சிற்பக்கலை மூன்றாம் ஆண்டு. அவன் கூப்பிட்டுத்தான் போனேன்.

பின்பக்கத்து அறையில் ஒரு சுவர் முழுக்க மண் துண்டுகள். சிலை வார்க்கும் சுவாமிமலைப் பட்டறைகளில் உடைத்துப் போட்ட அச்சுகள் அவை. வார்ப்பு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் சன்னமான வண்டலைக் குழைத்துப் பூசிக் காயவைப்பார்கள். அப்புறம் மணல் கலந்த மண்ணை மேலே மேலே அடுக்குவார்கள், பெரிய உருவமென்றால் கம்பி போட்டுக் கட்டுவார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். மெழுகு இருந்த இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டியதுதான். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். உடைந்த மண் பட்டறைக் கொல்லையில் குவிந்து கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதமாகச் சாக்கு சாக்காகப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த வண்டல் எவ்வளவு நைசானது என்றால், துண்டுகளின் உட்பக்கத்தில் ஒரு விரலின் வளைவு, ஒரு தண்டையின் கொத்துவேலை, மடிப்பு மடிப்பாக ஒரு பட்டாடை, எல்லாம் அப்படியே குழியாகப் பதிந்திருக்கிறது. சிலைகள் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டன. போன சிலையின் தடம் இங்கே இருக்கிறது.

நான் அசந்து நின்றது அடுத்த விஷயத்துக்கு. விளக்கைக் கீழேயிருந்து போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். கீழேயிருந்து வந்தால் கண் ஏமாந்து, பள்ளத்தை மேடாகப் பார்க்கிறது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் சுவரிலிருந்து விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிட்டே போய்த் தொட்டால் குழி. போனதும் இருப்பதும் ஒரே துண்டில் தெரிகிறது. யாருடைய யோசனை என்று கேட்டேன். வடிவமைப்புத் துறைப் பெண் ஒருத்தி. நான்கு இரவு விளக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாளாம். ஓவியம் படிக்கும் ஒரு பையன் துண்டுகளை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறான். உலோகம் பட்ட பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் செம்மண் நிறம், நடுவில் பழுப்பு. இன்னொரு பையன் சுவரில் சட்டம் அடித்துக் கம்பியால் கட்டியிருக்கிறான். ஒன்றுகூட விழவில்லை.

அப்புறம் லேபிளைப் பார்த்தேன். தலைப்பு, பயன்படுத்திய பொருள், அதன்கீழே ஒரு பெயர். என் மாணவனின் பெயர்.

"ஏம்ப்பா, மத்தவங்க பேரு?" என்றேன்.

"மார்க் போட ஒரு பேர்தான் வேணும்னு சொல்லிட்டாங்க சார். ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக்கிட்டோம். இது என் பேர்ல, அந்த லைட் போட்ட அக்கா பேர்ல முன்னாடி இருக்கிற போஸ்டர்."

அவன் சொன்னதில் பொய் இல்லை, பேராசையும் இல்லை. நால்வருமே ஒத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1998-ல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இப்படி ஒரு கண்காட்சி வைத்தோம். நடுநாயகமாக ஆறடி உயரத்தில் ஒரு பிளாஸ்டர் உருவம். களிமண்ணில் உருவம் செய்தது நான். அச்செடுத்து வார்த்தது முழுக்க என் நண்பன். பிளாஸ்டர் சூடாகும்போது கையை எடுக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்து தோல் உரிந்துபோனவன். அழைப்பிதழ் அடிக்கும்போது இடம் போதவில்லை, ஒரு பெயர் போதும் என்று முடிவாயிற்று. நானும் சரி என்றேன். அவனும் சரி என்றான். திறப்பு விழா அன்று அவன் அம்மா திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க தம்பி ஒன் பேரு?" என்று மகனிடம் கேட்டார். அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நிற்க எனக்குத் துணிவில்லை.

அழைப்பிதழில் இருந்த அந்தப் பெயர் என்னுடையது. அவன் இன்று படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறான். கலையை அவன் விட்டதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு நம் எல்லோருக்கும் மனப்பாடம். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் வரும். அந்தச் சுவரை நடந்து நடந்து படித்தால்தான் சங்கதி புரியும். கோயிலில் ஆட வந்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேர் ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்டியிருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. சம்பளமாக ஒரு பங்குக்கு 100 கலம் நெல் என்பதும் உண்டு. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சன் பெயரும் இருக்கிறது. அதே கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-ல் தெரியவந்த சோழர் ஓவியங்களைப் பாருங்கள். அந்தக் கோடுகளை யார் இழுத்தார்கள் என்று சொல்ல நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. பெயர் எழுதுவது தானாக நடக்காது, யாராவது ஒருவர் "வெட்டுக" என்று சொல்ல வேண்டும்.

எல்லோரும் சமமாக வேலை செய்தார்கள் என்று எழுதச் சொல்லவில்லை. கூட்டு வேலையில் பங்கு ஒருநாளும் சமமாக இருக்காது. யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். "அடுக்கியது", "விளக்கு", "சட்டமும் கட்டும்", "துண்டு சேகரித்தது". நான்கு வரி, நான்கு பெயர். சும்மா நின்றவனுக்கும் பெயர் போய்விடுமே என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். போகாது. என்ன செய்தான் என்று எழுத உட்காரும்போதே தெரிந்துவிடும், எழுத ஒன்றும் இருக்காது. ஒற்றைப் பெயர் போடும்போதுதான் வேலை செய்தவனும் செய்யாதவனும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். முன்கூடத்தில் நெட்டியில் செய்த பெரிய தொங்கல் ஒன்று இருக்கிறது. காற்றில் அசையும்போது நாணல் காடு மாதிரி இருக்கிறது. நெட்டி நம் குளங்களில் வளர்வது, தண்டைச் சீவினால் வெள்ளை வெளேரென்று இருக்கும், கனமே இருக்காது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் போடும் நெட்டி மாலை அதில்தான் கட்டுகிறார்கள். அதைக் கிழியாமல் சீவுவதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அம்மா ஒரு மாதம் கற்றுக்கொடுத்திருக்கிறார். தொங்கலில் பாதிச் சீவல் அவர் கையால் ஆனது. லேபிளில் மாணவர் பெயர். வாசல் பலகையில், கடைசி வரியில், "உதவிய கைவினைஞர்களுக்கு நன்றி". சுவாமிமலை ஸ்தபதிகளும் அந்த ஒரு வரிக்குள்ளேதான். எந்தக் கல்லூரியானாலும் இதே பழக்கம்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் அது சரியாகிவிடாது. பட்டறைக்காரரை ஆசான் என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்கிறோம், சுவரில் பெயர் எழுதும்போது மட்டும் அவர் உதவியாளர் ஆகிவிடுகிறார். டெல்டாவில் கலை படிப்பதன் பெரிய பேறே கூப்பிடு தூரத்தில் இந்தக் கைகள் இருப்பதுதான். அவர்கள் பெயரையும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

மற்றபடி கண்காட்சி நன்றாக இருக்கிறது. கோரைப்பாயில் செய்த எழுத்துருக்கள் அருமை. பெரிய ஓவியங்கள் இரண்டு எனக்குப் பிடிக்கவில்லை. குடத்தோடு நிற்கும் காவிரிப் பெண்ணை இந்த வயதில் வரையாமல் இருக்கலாம். படங்களைக் கொஞ்சம் உயரத்தில் மாட்டிவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று காலையில் என் மாணவனுக்குப் போன் செய்து 1998 கதையைச் சொன்னேன். இதுவரை அவனிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வெள்ளிக்கிழமை மார்க் போட வர்றாங்க சார், அது முடிஞ்சதும் மாத்திடுறோம்" என்றான். இப்போதே மாற்று, வருகிறவர்களும் பார்க்கட்டும் என்றேன். "மத்தவங்களையும் கேக்கணும் சார்" என்றான். அது நியாயம்தான். பதினொரு பேர் முடிவு செய்ய வேண்டியதை அவன் ஒருவன் முடிவு செய்யக் கூடாது. மார்க் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வேலைக்கு நான்கு பெயர் இருந்தால் நான்கு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுங்கள். எல்லா வேலைக்கும் சேர்த்து உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கிறது. போகிறவர்கள் பின்னறையை விட்டுவிடாதீர்கள், முதலில் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் கிட்டே போங்கள். நான் சனிக்கிழமை திரும்பப் போகிறேன். திருவாரூர் நண்பனுக்கும் போன் செய்தேன். கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.