தாய்ச்சி யமதா நாவலிலிருந்து திரைக்கு வந்தவரா?

ஆண்ட்ரூ ஹே இயக்கிய 'ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (2023) வந்தபின், அதன் மூலநாவலை எழுதிய ஜப்பானியர் தாய்ச்சி யமதா ஒரே நாவலால் பெயர்பெற்று, அதன் வெற்றியால் திரைத்துறைக்குள் நுழைந்தவர் என்றும், அந்நாவலின் 1988 ஜப்பானியப் படத்துக்குத் திரைக்கதையும் அவருடையதே என்றும் ஒரு செய்தி பரவுகிறது. இரண்டும் தவறு.

1934இல் தோக்கியோவின் அசகுசாவில் பிறந்த யமதா, வசேதா பல்கலைக்கழகப் படிப்பை முடித்து 1958இல் ஷோசிகு திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்து, இயக்குநர் கெய்சுகே கினோஷிதாவிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றி, 1965இல் அங்கிருந்து விலகித் தொலைக்காட்சித் தொடர்களை எழுதலானார். ஆற்றங்கரைக் குடும்பமொன்றின் சிதைவைச் சொல்லும் 'கிஷிபே நோ ஆல்பம்' (1977) என்ற தொடர் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. 1974இல் தாமா ஆற்று வெள்ளம் வீடுகளை அடித்துச்சென்ற நிகழ்வு அதன் பின்னணி. இக்கதையையும் அவர் முதலில் நாளிதழில் நாவலாகவே எழுதினார் என்பதால், 'ஒரே நாவல்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹேயின் படத்துக்கு மூலமான நாவல் வெளியானது 1987இல். அப்போது அவர் இருபதாண்டுக்கும் மேல் அனுபவமுள்ள திரைக்கதையாசிரியர். அடுத்த ஆண்டு அது முதலாவது யமமோதோ ஷூகோரோ இலக்கியப் பரிசைப் பெற்றது. நொபுஹிகோ ஒபயாஷி இயக்கிய 1988 படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ஷின்இச்சி இச்சிகாவா. மூலக்கதைக்கு உரியவர் தொழிலால் திரைக்கதையாசிரியராகவும் இருக்கும்போது இத்தகைய குழப்பம் எழுவது வியப்பில்லை. ஆயினும் இச்சிகாவாவின் உழைப்பை யமதாவின் கணக்கில் எழுதுவது முறையன்று. யமதா 2023 நவம்பரில் காலமானார்.