சவுண்ட் கார்டு வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

என் அக்கா வீணை டீச்சர். சில வருடங்களாக வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுக்கிறாள். "வீணை தகர டப்பா மாதிரி கேட்குது டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்ததால், போன மாதம் ஒரு கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சவுண்ட் கார்டை, அதாவது கணினியின் ஒலியைக் கவனிக்கும் தனி அட்டையைக் கொடுத்து, கணினியின் கேபினெட்டைத் திறந்து மாட்டியும் விட்டார்கள். அட்டைப்பெட்டியில் 7.1 என்று கொட்டை எழுத்து. அடுத்த நாள் வகுப்பிலும் அதே தகர டப்பாதான். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

7.1 என்றால் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். எல்லாமே கணினியிலிருந்து வெளியே வரும் ஒலி. அக்காவுக்கு வேண்டியதோ உள்ளே போகும் ஒலி. "என்ன வேலைக்கு வாங்குறீங்க?" என்று கடையில் ஒருவர் கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அவளிடம் இருந்தது நல்ல கண்டென்சர் மைக், அதாவது ஸ்டுடியோக்களில் வைக்கும் நுட்பமான வகை. அந்த வகை மைக் ஒழுங்காக வேலை செய்ய 48 வோல்ட் வேண்டும். ஃபேன்டம் பவர் என்பார்கள். கார்டின் பின்னால் இருக்கும் ரோஸ் கலர் ஓட்டை சாதாரண ஹெட்செட் மைக்குக்கானது, சில வோல்ட்தான் தரும். கன்வெர்ட்டர் கேபிள் போட்டு அதில் சொருகினால் ஒலி வரவே வராது, வந்தாலும் பலவீனமாக வரும். கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றினால் கூடவே இரைச்சலும் ஏறும். எத்தனை ஆயிரம் ரூபாய் கார்டு போட்டாலும் அந்த ஓட்டையில் இதுதான் கதை.

யூஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினோம், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி அது. 48 வோல்ட் உண்டு, இரண்டு மைக் போடலாம். ஒன்று அவள் குரலுக்கு, இன்னொன்று வீணைக் குடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அப்புறம் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுவிட்டோம். இதைப் பாட்டு, வாத்தியம் சொல்லித்தரும் எல்லோரும் தயவுசெய்து செய்யுங்கள். அது இல்லாவிட்டால் இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்த மென்பொருள் சுருதிப் பெட்டியை விழுங்கிவிடும், கமகத்தின் வாலையும் நறுக்கிவிடும். அன்று சாயங்காலம் அக்கா வீணையின் மிகத் தாழ்ந்த ஸ்வரத் தந்தியான அநுமந்தரத் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். "முழுசா கேட்குது டீச்சர்" என்றாள் அந்தப் பக்கம் இருந்த சின்னப் பெண். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரி, பாட்டுக் கேட்க, படம் பார்க்க மட்டும்தான் என்றால்? பெரும்பாலானவர்களுக்குத் தனி கார்டு தேவையே இல்லை என்பது என் கருத்து. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த காலத்தில் பெரும்பாலான பிசிகளுக்கு 'பீப்' மட்டும்தான் தெரியும். அப்போது கார்டு ஒரு வரம். இன்று கணினியின் மூலப் பலகையான மதர்போர்டிலேயே ஒலிக்கான சிப் இருக்கிறது. ஒலித்தட்டின், அதாவது சிடியின், 16 பிட் ஒலிக்கு, மிக உரத்த ஒலிக்கும் அடியில் இருக்கும் இரைச்சலுக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி போதும்; மதர்போர்டில் வரும் ரியல்டெக்கின் ஏஎல்சி1220 சிப்புக்குச் சொல்லப்படும் அளவோ 120. 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கும், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதற்கும், மயங்காதீர்கள். மனிதக் காது எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதைப் பதிய அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் ஆயிற்று, சிடியின் 44.1 போதும். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரியும்.

"ஆனா என் கம்ப்யூட்டர்ல உர்ருன்னு சத்தம் வருதே" என்பவர்கள், கார்டு வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பின்பக்கப் பச்சை ஓட்டையில் ஒரு சாதா இயர்போனைச் சொருகுங்கள். முன்பக்கத்தில் சொருகினால் வந்த கீச்சொலி, மவுஸை நகர்த்தும்போது வந்த சர்ர் ஒலி, பின்பக்கத்தில் இல்லையென்றால் பிரச்சினை முன்பக்கம் வரை ஓடும் அந்த மெல்லிய கேபிளில். செலவே இல்லாமல் தீர்ந்தது. இயர்போனில் அமைதியாக இருந்து, கரண்டில் ஓடும் ஸ்பீக்கரை மாட்டியதும் உர்ரென்றால் அது பெரும்பாலும் எர்த் விவகாரம். கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின் இருப்பதால் மட்டும் சுவருக்குப் பின்னால் எர்த் வயர் இருக்கிறது என்று அர்த்தமாகாது. இரைச்சல் போகிறது என்று அந்தப் பெரிய பின்னை உடைத்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஷாக் அடிக்காமல் உங்களைக் காப்பது அதுதான்.

250, 300 ஓம் ஹெட்போன், அதாவது ஓட்ட அதிக வோல்டேஜ் கேட்கும் வகை, வைத்திருப்பவர்களுக்கு மதர்போர்டின் ஒலி போதாமல் போகலாம். அவர்களுக்கும் வெளியே வைக்கும் யூஎஸ்பி டாக்-ஆம்ப்தான் (கணினியின் எண்களை ஒலியாக்கி, பெருக்கியும் தரும் பெட்டி) என் சிபாரிசு. கணினியை மாற்றினாலும் அது கூடவே வரும். பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் மாட்டும் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், புது மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட் அநேகமாக இருக்காது.

அக்காவின் 7.1 கார்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். பழைய 5.1 ஸ்பீக்கர் செட் இருந்து, மதர்போர்டில் அதற்கு ஓட்டை போதவில்லை என்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சும்மாவே தந்துவிடுகிறோம்.