குமாஸ்தா என்றால் அவ்வளவு இளக்காரமா?

யோவான்னஸைப் பற்றிய காணொளிக்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். எழுத்தராக இருந்து மேற்கு ரோமப் பேரரசரான அவருடைய கையை வெட்டிய இடத்தில் ஒருவர் "குமாஸ்தாவுக்குக் கிரீடம் கேட்குதா" என்று எழுத, வரிசையாகச் சிரிப்பு. அரியணையைத் திருடியவராம் அவர்.

அவர் யாருடைய அரியணையைப் பறித்தார்? கி.பி. 423 ஆகஸ்டில் மேற்கை ஆண்ட பேரரசர் ஹொனோரியஸ் பிள்ளையில்லாமல் செத்தார். கிழக்குப் பேரரசர் தியோடோசியஸ் மேற்குக்கு யாரையும் நியமிக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஹொனோரியஸின் சகோதரி மகனான இளவரசன் வாலண்டினியனுக்கு வயது 4. அவன் அப்பாவை 421இல் ஹொனோரியஸ் தன்னோடு சேர்த்துப் பேரரசராக்கியபோது ஏற்க மறுத்தவரும் இதே தியோடோசியஸ்தான்! காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தவர் எப்படித் திருடனாவார்?

"தளபதிகள் தூக்கிவைத்த ஆள்தானே" என்பீர்கள். இருக்கட்டும், 306இல் பிரிட்டனின் யார்க்கில் கான்ஸ்டன்டைனை ரோமப் பேரரசராகத் தூக்கிவைத்ததும் படைதான். அவர் ஜெயித்தார், அதனால் மகா கான்ஸ்டன்டைன்.

என் அப்பாவும் குமாஸ்தா. கோப்பு முழுக்க அவர் எழுத்து, கடைசியில் கையொப்பம் மட்டும் அதிகாரியுடையது. ஒருமுறை எல்லோர் முன்னாலும் "எழுதுறதோட நிறுத்திக்கோ" என்று அந்த அதிகாரி சொன்னதை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. யோவான்னஸ் அரசவை எழுத்தர்களுக்கே தலைவர், பேரரசின் பதவிப் பட்டியலே அவர் பொறுப்பில் இருந்தது. நிர்வாகம் தெரிந்தவர் ஆளக்கூடாதா, 4 வயதுப் பிள்ளைதான் ஆளவேண்டுமா?

அவர் சாந்தமானவர், புத்திசாலி, கோள் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதவர், அநியாயமாக யாரையும் கொல்லாதவர், யார் பணத்தையும் பிடுங்காதவர். இதைச் சொல்வது நானில்லை, அடுத்த நூற்றாண்டில் கிழக்குப் பேரரசிலேயே இருந்து எழுதிய வரலாற்றாசிரியர் பிரோகோப்பியஸ்.

வாலண்டினியனை அரியணையேற்ற தியோடோசியஸ் அனுப்பிய படையோடு வந்த கிழக்குத் தளபதி அர்தபூரியஸ் புயலில் சிக்கி மாட்டிக்கொண்டபோது, யோவான்னஸ் அவரைச் சிறையில் வதைக்காமல் தன் தலைநகரான ராவென்னாவுக்குள் நடமாட விட்டார். அர்தபூரியஸ் என்ன செய்தார்? யோவான்னஸின் அதிகாரிகளையே ரகசியமாகப் பேசி வளைத்துப்போட்டார். 425இல் மகன் அஸ்பார் படையோடு வந்ததும் நகரம் விழுந்தது. யோவான்னஸை வட இத்தாலியின் அக்விலேயா நகருக்கு இழுத்துப்போய் ஒரு கையை வெட்டி, கழுதைமேல் ஏற்றி, பந்தயத் திடலில் கூத்தாடிகளை விட்டு ஏசவைத்து, அப்புறம்தான் கொன்றார்கள். இதற்கா சிரிப்பு வருகிறது உங்களுக்கு?

"ரோமுக்கு வெளியே இருந்த நாடோடிப் போர்க்கூட்டமான ஹூணர்களைத் துணைக்குக் கூப்பிட்டாரே" என்று கட்டாயம் ஒருவர் வருவார். ஆமாம், கூப்பிட்டார். அந்த ஹூணர் படையைக் கூட்டிவரப் போன யோவான்னஸின் அதிகாரி ஏட்டியஸ், அவர் கொல்லப்பட்டு மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்து, அஸ்பாரோடு மோதி, பிறகு பேரம் பேசினார். ஏட்டியஸின் கையை யாரும் வெட்டவில்லை, இன்றைய பிரான்ஸ் பக்கத்துப் படைகளுக்குத் தளபதியாக்கினார்கள், புதிதாகப் பேரரசராக்கப்பட்ட அதே வாலண்டினியன் பெயரில்.