வழக்கத்திலும் ஆணுக்குத் தோதானதற்கே ஆயுசு கெட்டி

தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் இக்போ இனத்தவர் வீடுகளில் விருந்தாளி வந்தால் முதலில் கோலா கொட்டை வரும்; நம் வெற்றிலை பாக்கு மாதிரி, மரியாதைக்கு மெல்லக் கொடுப்பது. அதை ஆசி சொல்லி உடைக்கும் உரிமை ஆணுக்குத்தான். வீட்டில் மூத்த பாட்டி இருந்தாலும் பக்கத்தில் ஒரு பொடியன் இருந்தால் அவன் கைக்குத்தான் கொட்டை போகும். ஏன் என்று கேட்டால் "எங்கள் மரபு" என்பார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் அதே மக்களிடம் வேறொரு மரபும் இருந்தது. பெண்டாட்டியை அடிக்கிறவன், சந்தை விதியை மீறுகிறவன், பெண்களின் பயிரில் மாட்டை விடுகிறவன் வீட்டின் முன் ஊர்ப் பெண்கள் திரண்டு, ராத்திரி பூராவும் ஆடிப் பாடி அவன் மானத்தை வாங்குவார்கள். உலக்கையால் சுவரை இடிப்பதும் உண்டு. அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர மாட்டார்கள். மற்ற ஆண்கள் குறுக்கே வருவதில்லை.

1929 நவம்பரில் ஓலோகோ என்ற ஊரில், ஆங்கிலேயர் நியமித்த தலைவர் ஒக்குகோவின் ஆள் கணக்கெடுக்க வந்தான். ந்வான்யெருவா என்ற விதவையிடம் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணச் சொன்னான். "உன் அம்மாவை எண்ணினார்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆண்களுக்கு முந்தைய ஆண்டுதான் வரி போட்டிருந்தார்கள்; அடுத்தது நாம்தான் என்று பெண்களுக்குப் புரிந்துவிட்டது. பழைய முறையிலேயே ஒக்குகோ வீட்டை முற்றுகையிட்டார்கள். கிளர்ச்சி தீயாய்ப் பரவியது, பக்கத்து இனமான இபிபியோ பெண்களும் சேர்ந்தார்கள். டிசம்பரில் துப்பாக்கிச் சூடு. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? நியமனத் தலைவர் முறை போனது உண்மை. ஆனால் தண்டிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே என்றாகி, பெண்களின் அந்த முற்றுகை குற்றமாகிவிட்டது. ஆணைத் தட்டிக்கேட்ட வழக்கம் தேய்ந்தது. விதவையின் தலையை மழிக்கும் வழக்கமோ, தரையில் உட்கார வைக்கும் வழக்கமோ அப்படித் தேயவில்லை. இக்போ பகுதியில் உள்ள எனுகு மாநிலம் அதைத் தடுக்க 2001-இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தச் சடங்குகளை முன்நின்று நடத்துவது பெரும்பாலும் உமுஅடா, அதாவது அந்த வம்சத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள். "பார்த்தீர்களா, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று உடனே ஆரம்பிக்க வேண்டாம். பிறந்த ஊரில் அவர்களுக்கு அண்ணி மேல் அதிகாரம் உண்டு, நிலத்தின் மேல் கிடையாது. புகுந்த ஊரில் விதவையானால் அவர்களே இன்னொரு உமுஅடாவின் முன் உட்கார வேண்டும். அதிகாரம் மாதிரி ஒன்றைக் கொடுத்து நிலத்தை வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

ஆகெபி உக்பாபேயையும் சொல்லியாக வேண்டும். எனுகு-எசிக்கே ஊரில் பெண்ணாகப் பிறந்து ராஜாவாகவே முடிசூடியவர். ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. ஆண்களுக்கு மட்டுமே உரிய முகமூடி ஆட்டத்தில் 1939-இல் தன் பெயரில் ஒரு முகமூடியை இறக்கியபோதுதான் பொறுக்கவில்லை; பறித்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார அதிகாரியும் ஆண்கள் பக்கமே நின்றார்.

எல்லாம் கடைசியில் நிலத்தில் வந்து நிற்கிறது. மகன் இல்லாதவன் தன் மகளைக் கட்டிக்கொடுக்காமல் வீட்டிலேயே வைத்து, அவள் பெறும் ஆண் குழந்தையைத் தன் வாரிசாக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு ந்ராச்சி என்று பெயர். வாரிசைப் பெற்றுத் தர அவள் வேண்டும், அவளே வாரிசாகக் கூடாது! 2014 ஏப்ரலில் நைஜீரிய உச்ச நீதிமன்றம் உகேஜே வழக்கில், மகளுக்குத் தந்தை சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்ட மகளின் தந்தை இறந்தது 1981 டிசம்பரில். ஒரு பெண் தன் பங்குக்கு 32 வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, தீர்ப்பு வந்துவிட்டதே என்றால், கிராமத்து நிலம் வம்சத்தின் ஆண்கள் கையில் இருக்கிறது. வழக்குப் போடும் மகள் அண்ணன் தம்பிகளையும் பிறந்த வீட்டு வாசலையும் பணயம் வைத்துத்தான் போட வேண்டும். அப்பாக்கள் உயிரோடு இருக்கும்போதே மகள் பெயரையும் சேர்த்து உயில் எழுதினால் இதில் பல வழக்குகள் வேண்டியதே இல்லை. கோலா கொட்டையை யார் உடைப்பது என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.