கூப்பர் பிளாக்கை எங்கே வைப்பது?

பழைய காலத்துச் சாயல் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னதும் வடிவமைப்பாளர்கள் பலர் தயங்காமல் எடுத்து வைக்கும் ஆங்கில எழுத்துரு கூப்பர் பிளாக். 1970களின் அடையாளமாகவே பலரும் அதை நினைக்கிறார்கள். ஆனால் அது சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் வெளியிட்ட ஈய அச்செழுத்து. விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவதே கூப்பரின் தொழில். தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் அவர்களுடைய கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்கும் ஏற்ற எழுத்து என்று அவரே இதைக் கேலியாகச் சொல்லியிருக்கிறார்.

இதை வெறும் குழந்தைத்தனமான குண்டெழுத்து என்று ஒதுக்குபவர்கள் அதன் ஆங்கிலச் சிறிய 'o'வைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு வெளி நேராக நிற்காமல் இடப்புறம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் இவ்வளவு கனமான எழுத்துக்கும் ஒரு துள்ளலைக் கொடுக்கிறது. மற்ற எழுத்துகளின் பாதங்களும், அதாவது கோடுகளின் முனையில் நீளும் சிறு விளிம்புகளும் (serif), தட்டையாக முடியாமல் உருண்டு முடிவதால், வரிசை கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்கு உறுத்துவதில்லை. இஸ்திரிப் பெட்டியால் டி-சர்ட்டில் ஒட்டும் எழுத்தாக அது அத்தனை பரவியதற்கு இந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் ஒளியச்சுக்கோப்பு வந்து, ஈயக் கட்டைகளின் இடைவெளித் தொல்லை நீங்கி, எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கி வைக்க முடிந்த பிறகு அதன் அழகு இன்னும் கூடியது. பீச் பாய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டு உறை அதற்கு நல்ல சாட்சி.

ஆனால் இது நாலைந்து சொற்களுக்கான எழுத்து. ஈசிஜெட் விமானத்தின் மேல் ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரே ஒரு பெயராக நிற்கும்போது தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. அதையே உணவகத்தின் முழு விலைப்பட்டியலுக்கும் போட்டால், சிறிய அளவில் உள்வெளிகள் அடைபட்டு, இட்லியின் விலையைக் கண்டுபிடிப்பதற்குள் பசியே போய்விடும். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (capitals) அடுக்குவதையும் நான் விரும்புவதில்லை, ஏனெனில் இதன் குறும்பெல்லாம் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.

எனக்குப் பெரிய குறை, இதன் பக்கத்தில் தமிழை வைக்கும் விதத்தில்தான். கையில் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவுக்குச் சுற்றுக்கோடு கொடுத்து ஊதிப் பெருக்கிவிடுகிறார்கள். 'ண'வின் சுழிகள் மூடிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடுகின்றன, 'ணை'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழில் கனத்தைக் கூட்ட வேண்டுமானால், சுழிகளுக்குள் கோட்டை மெலிதாக்கி, எழுத்தின் அகலத்தைக் கூட்டி, புதிதாகத்தான் வரைய வேண்டும். அப்படி வரையப்பட்ட தமிழ் எழுத்துரு இல்லாமலும் இல்லை: மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய 'பலூ தம்பி' கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. அது கூப்பரின் நகல் அல்ல, அதற்குப் பாதங்களும் கிடையாது. ஆனாலும் கனத்திலும் உருட்சியிலும் அதனோடு ஒத்துப்போகும். இரண்டையும் ஒரே பலகையில் வைக்கும்போது தமிழின் அளவைக் கண்பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்கு ஒரே புள்ளி அளவு (point size) கொடுத்தால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும் என்று கணினியை நம்பிவிட வேண்டாம்.